விரல் படிக்கும் எழுத்து



நாமக்கல் குடைவரைக் கோயில்கள் தொடங்கிச் சிற்றூர்க் கோயில்களின் அடித்தளக் கற்கள் வரையில், எங்கள் பக்கத்தில் கல்லெழுத்துக்குக் குறைவில்லை. 1987-ஆம் ஆண்டில், வரலாற்று ஆசிரியனாக நான் பணியாற்றிய பள்ளியிலிருந்து ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை அத்தகைய ஒரு சிற்றூர்க் கோயிலுக்கு அழைத்துச் சென்றேன். அவர்களுள் ஒருவன் பிறவியிலேயே பார்வையற்றவன். எல்லாரும் கல்வெட்டைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்க, அவன் குனிந்து விரலால் தடவினான். நெடுநேரம் தடவிய பின் என்னிடம், "குழி குழியாக இருக்கிறது ஐயா, எழுத்தாக இல்லை" என்றான்.

அந்தச் சொல்லில் ஒரு பெரிய வரலாறு அடங்கியிருக்கிறது என்பதை அன்று நான் உணரவில்லை. அதையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

நம் முன்னோர் எழுதிய எழுத்தெல்லாம் பெரும்பாலும் பள்ளமான எழுத்து. கல்லில் உளியால் வெட்டினர், செப்பேட்டில் பொறித்தனர், பனையோலையில் இரும்பு எழுத்தாணியால் கீறினர். ஓலையில் கீறிய கோடு கண்ணுக்கே சரியாகத் தெரியாது என்பதால் கரியைத் தடவித் துடைப்பார்கள். பள்ளத்தில் தங்கிய கரி எழுத்தைக் காட்டும். அச்சு வந்த பின்னர் எழுத்து, பள்ளமும் இன்றி மேடும் இன்றி, வெறும் மையாகத் தாளின்மேல் படிந்துவிட்டது. கண்ணுக்கு இவை யாவும் ஒன்றுதான். விரலுக்கோ, மை என்பது இல்லாத பொருள். பள்ளம் என்பது தெளிவற்ற பொருள். விரல்நுனி எளிதில் அறிவது மேட்டை. ஆகவே, தாளைப் பின்னிருந்து அழுத்தி முன்பக்கம் புடைக்கச் செய்யும் கலை வந்த பிறகுதான் பார்வையற்றோர்க்கு நூல் என்று ஒன்று உண்டாயிற்று.

இதை முதலில் முறையாகச் செய்தவர் பாரிஸ் நகரத்து வாலந்தின் ஹாயுய் என்பவர். 1784-இல் லெசுயர் என்னும் பார்வையற்ற இளைஞனுக்கு அவர் பாடம் சொல்லத் தொடங்கினார். ஒரு நாள் அவருடைய மேசையில் கிடந்த தாள்களை ஒழுங்குபடுத்திய அவ்விளைஞன், அழுத்தமாக அச்சிடப்பட்ட ஓர் அட்டையின் பின்புறத்தில் எழுந்திருந்த ஓர் எழுத்தைத் தடவி, அது இன்ன எழுத்து என்று சொல்லிவிட்டான் என்பர். ஹாயுய் உடனே பெரிய அச்செழுத்துகளை வார்ப்பித்து, தடித்த தாளை நனைத்து, மையின்றி அழுத்திப் புடைப்பு நூல்களை உண்டாக்கினார். 1786-இல் அவருடைய நூலே அவ்வாறு வெளிவந்தது.

ஆயினும் இதில் ஒரு குறை இருந்தது. அந்நூல்களில் இருந்தவை கண்ணுள்ளவர்களின் எழுத்துகள். வளைவும் நெளிவும் கொண்ட அவ்வடிவங்களை ஒவ்வொன்றாகத் தடவி அறிய நெடுநேரம் பிடித்தது. நூல்களும் தூக்க முடியாத கனம். இவற்றையெல்லாம் விடப் பெரிய குறை, அச்சுப்பொறி இல்லாமல் அவ்வெழுத்தை எழுத முடியாது என்பது. மாணவன் படிக்கலாம், எழுத இயலாது. எழுத முடியாதவனுடைய கல்வி பாதிக் கல்வி என்று நான் கருதுகிறேன். முப்பது ஆண்டுக்கு மேல் கரும்பலகையின் முன் நின்றவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

அந்தக் குறையைத் தீர்த்தவை இரண்டு சிறு கருவிகள். ஒன்று துளைச் சட்டம். மற்றொன்று முனை மழுங்கிய ஓர் ஊசி. சார்ல் பார்பியே என்ற பிரெஞ்சுப் படைத்துறை அதிகாரி, ஒலிகளைப் புள்ளிகளால் குறிக்கும் முறை ஒன்றை வகுத்து, 1821-இல் பாரிஸ் பார்வையற்றோர் பள்ளிக்குக் கொண்டுவந்தார். ஒரு குறிக்குப் பன்னிரண்டு புள்ளிகள் வரை அதில் வரும். விரல்நுனியின் கீழ் அது அடங்காது. அதனுடன் வந்த கருவியோ எவர் கையிலும் அடங்கும். அப்பள்ளியின் வரலாற்றில் புள்ளிகளை மட்டும் புகழ்வோர் பலர். என் எண்ணத்தில் பார்பியேயின் பெரிய கொடை அந்தச் சட்டமும் ஊசியுமே.

அப்போது அங்கே பயின்றுகொண்டிருந்தவர் லூயி பிரெயில். 1809-ஆம் ஆண்டு சனவரி 4-ஆம் நாள் கூப்வ்ரே என்ற சிற்றூரில் பிறந்தவர். தந்தையார் குதிரைச் சேணம் தைப்பவர். மூன்றாம் வயதில் தந்தையின் பட்டறையில் விளையாடிய குழந்தையின் கண்ணில் தோல் துளைக்கும் ஊசி பாய்ந்தது. நோய் மறு கண்ணுக்கும் பரவி இரு கண்களும் போயின. பிற்காலத்தில் அவர் கையில் வந்த எழுத்தூசியும் ஏறக்குறைய அதே வடிவினது. அதே ஊசிதான் இது என்று சொல்லும் கதைகளும் உண்டு, அவை கதைகளே.

பிரெயில் பன்னிரண்டைப் பாதியாக்கினார். நிரைக்கு மூன்றாக இரண்டு நிரை, ஆறு புள்ளிகள். விரலை அசைக்காமலேயே ஒரு தொடலில் முழு எழுத்தையும் உணரலாம். ஆறு புள்ளிகளைக் கொண்டு அறுபத்து மூன்று வேறு வேறு குறிகள் அமையும். பதினைந்து வயதளவில் அவர் இதை உருவாக்கினார். 1829-இல் நூலாக வெளியிட்டார். அந்த நூலே ஹாயுய் வழிப் பழைய புடைப்பெழுத்தில்தான் அச்சிடப்பட்டது! பள்ளியை நடத்தியவர்கள் இதை எளிதில் ஏற்கவில்லை. தாங்கள் கண்ணால் படிக்க முடியாத எழுத்தை மாணவர்கள் பயில்வதா என்ற தயக்கம் அவர்களுக்கு. ஒரு காலத்தில் அங்கே புள்ளி எழுத்து விலக்கவும் பட்டது. மாணவர்கள் மறைவாக எழுதிக்கொண்டார்கள். 1852-இல் பிரெயில் மறைந்தார். 1854-இல்தான் பிரான்சு நாடு அவருடைய முறையை ஏற்றது.

அந்தக் கருவியை நேரில் காணாத மாணவர்களுக்காகச் சிறிது விளக்குகிறேன். ஒரு பலகை, அதன்மேல் கீலால் இணைந்த இரு தகடுகள். மேல் தகட்டில் வரிசையாகச் சிறு சாளரங்கள். கீழ்த் தகட்டில் ஒவ்வொரு சாளரத்துக்கும் நேராக ஆறு குழிகள். இடையில் தாளைச் செருகி, சாளரத்தின் வழியாக ஊசியால் அழுத்தினால் தாள் குழிக்குள் இறங்கி மறுபுறம் புடைக்கும். புடைப்பு இருப்பது மறுபுறத்தில் ஆதலால், எழுதுவோர் வலமிருந்து இடமாகவும், ஒவ்வோர் எழுத்தையும் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பியும் எழுதவேண்டும். தாளைப் புரட்டினால் இடமிருந்து வலமாக வாசிக்கலாம். தாளும் தடித்திருக்க வேண்டும். சாதாரணக் குறிப்பேட்டுத் தாளில் ஊசி பொத்துக்கொண்டு போய்விடும், அல்லது இரண்டு முறை தடவியதும் புள்ளி நசுங்கிவிடும்.

கையால் எழுதுவது ஒரு படிதான். நூறு பிள்ளைகளுக்கு நூறு படி வேண்டுமானால் பொறி வேண்டும். 1892-இல் அமெரிக்காவில் பிராங்க் ஹால் என்பவர் ஆறு விசைகள் கொண்ட தட்டெழுத்துப் பொறியை அமைத்தார். அடுத்து, தாளுக்குப் பதிலாக உலோகத் தகட்டில் புள்ளி குத்தும் பொறியும் வந்தது. துத்தநாகத் தகட்டை இரண்டாக மடித்து, இரு மடிப்பிலும் ஒருங்கே புள்ளி குத்துவார்கள். மடிப்பின் நடுவே தாளைச் செருகி அழுத்துபொறியில் விட்டு எடுத்தால், ஒரு மடிப்பின் மேடு மறு மடிப்பின் பள்ளத்தில் பொருந்தித் தாளைப் புடைக்கச் செய்யும். தாளின் இருபுறமும் அச்சிடுகையில், ஒரு பக்கத்துப் புள்ளிகள் மறுபக்கத்துப் புள்ளிகளின் இடைவெளியில் விழுமாறு சற்றே விலக்கி அமைப்பார்கள். இன்று இவ்வேலையைக் கணிப்பொறியோடு இணைந்த புடைப்புப் பொறிகள் செய்கின்றன.

இனி நம் நாட்டுக்கு வருவோம். தமிழில் முதல் அச்சு நூல் வந்தது 1578-இல். விரலால் படிக்கும் தமிழ் வருவதற்கு அதன்பின் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1887-இல் அமிர்தசரசில் ஆனி ஷார்ப் அம்மையார் இந்தியாவின் முதல் பார்வையற்றோர் பள்ளியைத் தொடங்கினார். 1890-இல் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் தொடங்கிய பள்ளியில் தமிழ்ப் பிள்ளைகள் விரலால் பயின்றனர். ஆனால் அக்காலத்தில் நாடெங்கும் ஒரே முறை இருக்கவில்லை. ஒவ்வொரு பள்ளியும் ஒவ்வொரு சமயப்பணி மன்றமும் தத்தமக்கு உகந்தவாறு புள்ளிகளை ஒதுக்கிக்கொண்டன. ஓரிடத்தில் அச்சிட்ட நூல் மற்றோரிடத்துப் பிள்ளைக்குப் பயன்படாது. அச்சுத் தகட்டின் செலவையும் அச்சிடும் படிகளின் குறைவையும் நினைத்தால், இதனால் நேர்ந்த இழப்பு எத்தகையது என்பது விளங்கும்.

விடுதலைக்குப் பின், 1949-இல் இந்திய அரசு இச்சிக்கலை யுனெஸ்கோவிடம் கொண்டு சென்றது. 1950-இல் பாரிசிலும் 1951-இல் பெய்ரூட்டிலும் மாநாடுகள் கூடின. அந்த 1951-ஆம் ஆண்டிலேயே பாரதி பிரெயில் என்னும் பொதுமுறை ஏற்கப்பட்டது. டேராடூனில் நடுவண் பிரெயில் அச்சகமும் அமைந்தது. இம்முறையில் ஒலி ஒன்றானால் இந்திய மொழிகள் அனைத்திலும் புள்ளியும் ஒன்றே. ஆங்கிலத்தில் 'கே' என்னும் எழுத்துக்கு உரிய புள்ளிகளே நம் ககரத்துக்கும். 'எம்' என்பதற்கு உரியவையே மகரத்துக்கும்.

தமிழுக்கு இதனால் ஒரு தனி நன்மை விளைந்தது. நாம் இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகள் என்று எண்ணுகிறோம். புள்ளி எழுத்தில் உயிர் பன்னிரண்டு, மெய்க்குறி பதினெட்டு, ஆய்தம் ஒன்று, மெய்ப்புள்ளிக்கு ஒரு குறி, முப்பத்திரண்டோடு முடிந்தது. கொம்பும் காலும் விசிறியும் இல்லை. 'மி' என்பதற்கு மகரத்தை இட்டு அடுத்து இகரத்தை இட்டால் போதும். உயிரும் மெய்யும் கூடியே உயிர்மெய் பிறக்கிறது என்று இலக்கண வகுப்பில் நாம் சொல்லிக் கொடுப்பதை, அப்பிள்ளைகள் எழுதும்போதெல்லாம் விரலால் அறிகிறார்கள்.

என் மாணவனுக்குத் திரும்புகிறேன். வகுப்பில் அவன் குறிப்பெடுக்கும்போது 'டக் டக்' என்று ஓசை எழும். தொடக்கத்தில் அது எனக்கு இடையூறாகத் தோன்றவே, வெளியே திண்ணையில் அமர்ந்து எழுதுமாறு சொல்லிவிட்டேன். "பாடம் காதில் விழாமல் எதை ஐயா எழுதுவது?" என்று அவன் பணிவாகக் கேட்டான். இன்று நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அன்று முதல் அவன் முதல் வரிசையில் அமர்ந்தான்.

அவனுக்குத் தாள் கிடைப்பதே பெரும்பாடு. காவிரிக் கரையில் பள்ளிபாளையத்துக் காகித ஆலை 1962 முதல் தாள் உற்பத்தி செய்துவருகிறது. ஆயினும் அவனுக்கு வேண்டிய தடித்த தாள் எங்கள் ஊர்க் கடைகளில் கிடைக்காது. ஆகவே நாமக்கல்லில் லாரி அலுவலகங்கள் ஆண்டுதோறும் வழங்கும் மாதக் காலண்டர்களைச் சேர்த்துவந்து கொடுத்தேன். வழவழப்பான அந்தத் தாளில் புள்ளி நன்றாக நின்றது. முருகன் படத்தின் முதுகிலும் மலைக்காட்சியின் முதுகிலும் அவன் முகலாயர் வரலாற்றை எழுதினான். அச்சிட்ட பாடநூல்களோ அரையாண்டுத் தேர்வு முடிந்த பின்னரே வந்து சேர்ந்தன. ஒரு சிறு வரலாற்று நூல் பல பருமனான தொகுதிகளாக விரிந்திருந்தது. கட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அனுப்பியதால் அடியில் கிடந்த தொகுதியில் பல பக்கங்கள் நசுங்கிப் போயிருந்தன. கண்ணுக்கு அது புத்தம் புதிய நூல். அவன் விரலுக்கு வெற்றுத் தாள்.

அரசுத் தேர்வில் அவன் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதினார். அதுவே விதி. தன் கையால் எழுதத் தெரிந்தவன், தன் விடையைப் பிறர் கையெழுத்தில் விட்டு வந்தான். எழுதியவர் 'பாபர்' என்பதைச் சரியாக எழுதினாரா என்று என்னிடம் கேட்டான். என்னால் விடை சொல்ல முடியவில்லை.

இப்போது ஒலிநூல்களும் திரையைப் படித்துக் காட்டும் கைப்பேசிகளும் வந்துவிட்டன. பார்வையற்றோர்க்காக நூல்களைப் படியெடுக்க வழிசெய்யும் மராகேஷ் உடன்படிக்கை 2013-இல் உருவானது. 2014-இல் அதனை முதன்முதலில் உறுதிசெய்த நாடு இந்தியா. இவை யாவும் நன்றே. எனினும் 'பழம்' என்பதில் வருவது ழகரமா ளகரமா என்பதைக் காது முழுவதும் காட்டிவிடாது. ஒலிப்பவர் தவறினால் கேட்பவரும் தவறுவார். எழுத்துக்கூட்டல் விரலில்தான் நிற்கும்.

ஓய்வு பெற்றபின் நானும் ஒரு சட்டமும் ஊசியும் வாங்கினேன். ஒரு வாரம் பழகி, தடித்த அட்டையில் 'தமிழ்' என்று எழுதி, இப்போது தானும் ஓர் ஆசிரியராக இருக்கும் அம்மாணவருக்கு அனுப்பிவைத்தேன். சில நாளில் தொலைபேசியில் அழைத்தார். வலமிருந்து தொடங்க மறந்து, நான் இடமிருந்தே எழுதிவிட்டிருந்தேன். எழுத்துகள் தலைமாறி, ழகரம் டகரமாகவும் இகரம் ஏகாரமாகவும் தகரம் ஊகாரமாகவும் திரும்பிப்போயின. "டகரத்தில் தொடங்கி ஊகாரத்தில் முடிகிறது ஐயா. அட்டையைக் கவிழ்த்துப் பள்ளத்தைத் தடவிப் பார்த்துத்தான் தமிழ் என்று கண்டுபிடித்தேன்" என்றார்.