தொம்மலூரும் பெண்களின் உடல் எடையும்

பெங்களூருப் பெண்களிடம் 1980களில் முதலிடத்தில் இருந்தது கருப்பை வாய்ப் புற்றுநோய். கித்வாய் நினைவுப் புற்றுநோய் நிறுவனம் 1982 முதல் நடத்திவரும் நகரப் பதிவேடு அதற்குச் சான்று. அடுத்த கால் நூற்றாண்டில் அந்நோய் இறங்க, மார்பகப் புற்றுநோய் இரு மடங்காகி முதலிடத்துக்கு வந்தது.

இதன் பின்னணியில் நகரம் எப்படி மாறியது என்பதை அதன் ஒரு பகுதியான தொம்மலூரில் பார்க்கலாம். சொக்கநாதசுவாமி கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகள் தேசிமாணிக்கப் பட்டணம் என்றும் குறிப்பிடும் பழைய ஊர் இது. ஏரிப் பாசன நெல்லும் மேட்டுநிலக் கேழ்வரகும் விளைந்த வட்டாரத்துக்கு 1940இல் விமானத் தொழிற்சாலை வந்தது. பக்கத்துச் செல்லகட்டா ஏரி கோல்ஃப் மைதானமாகி, அதன் ஓரத்தில் மென்பொருள் வளாகங்கள் எழுந்தன. நடவு, களையெடுப்பு, ஆட்டுக்கல், தண்ணீர்க் குடம் என்றிருந்த உடலுழைப்பு இரண்டு தலைமுறைக்குள் நாற்காலியிலும் மிக்சியிலும் அடங்கிவிட்டது. ஆட்டுக்கல்லுக்காக ஏங்க வேண்டியதில்லை. அது ஓய்ந்த இடத்தில் வேறு உடலுழைப்பு வரவில்லை என்பதே சிக்கல்.

உழைப்பு குறைந்தால் எடை கூடும். அந்த எடை எப்படி மார்பகப் புற்றுநோயில் முடிகிறது? மாதவிடாய் நின்றபின் சினைப்பை ஈஸ்ட்ரோஜன் சுரப்பதை ஏறக்குறைய நிறுத்திவிடும். அதன்பின் கொழுப்புத் திசுவே முக்கிய ஊற்று. அங்குள்ள அரோமட்டேஸ் நொதி, அட்ரினல் சுரப்பியிலிருந்து வரும் ஆண்ட்ரோஜன்களை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. கொழுப்பு மிகுந்தால் ஈஸ்ட்ரோஜனும் மிகும். அது மார்பக உயிரணுக்களைப் பெருகத் தூண்டும். இன்சுலின் மிகுதியும் இதற்குத் துணைபோகிறது.

மாதவிடாய் நிற்காத பெண்களிடம் கணக்கு வேறு. மேலைநாட்டு ஆய்வுகளில், பருமனான இளம்பெண்களுக்கு ஆபத்து சற்றுக் குறைவாகவே தெரிகிறது. ஆனால் 2002 முதல் 2005 வரை திருவனந்தபுரத்திலும் சென்னையிலும் 1,866 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வில், இடுப்புச் சுற்றளவு 85 சென்டிமீட்டரைத் தாண்டியபோது, மாதவிடாய் நின்றவர், நிற்காதவர் ஆகிய இரு தரப்பினருக்குமே ஆபத்து கூடியிருந்தது. மாதவிடாய் நின்றவர்களிடம் அது இன்னும் தெளிவு. தென்னிந்தியப் பெண்ணுக்கு எடைக்கருவியோடு அளவு நாடாவும் தேவை என்பதே இதன் பொருள்.

பழியெல்லாம் எடைமேல் போட முடியாது. தாமதமான முதல் பிரசவம், குறைந்த மகப்பேறு, சுருங்கிய தாய்ப்பாலூட்டல் ஆகியவையும் நகர வாழ்வோடு சேர்ந்தே வந்தன. இவற்றில் ஒருவர் எந்த வயதிலும் மாற்றிக்கொள்ளக்கூடியது எடை மட்டுமே. கர்நாடகத்தில் அதன் போக்கோ எதிர்த்திசையில் இருக்கிறது: தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, எடை மிகுந்த பெண்கள் 2015-16இல் 23.3 விழுக்காடு, 2019-21இல் 30.1 விழுக்காடு.