குளிர் கொடுத்ததும் கெடுத்ததும்: ஷாப்லி ஒயினின் கதை

பிரான்சில் பர்கண்டி பகுதியின் வடகோடியில் இருக்கும் சிற்றூர் ஷாப்லி. இங்கே ஒயினுக்கு ஒரே திராட்சைதான்: ஷார்டனே. பக்கத்தில் 1114-இல் தொடங்கிய போன்டினி மடத்துத் துறவிகள் அக்காலத்திலேயே இங்கு திராட்சை வளர்த்தார்கள்.

குளிர்ப் பிரதேசம் என்பதால் பழம் மெதுவாகப் பழுக்கும், புளிப்பு குறையாது. அந்த ஒயினை 132 லிட்டர் கொள்ளும் சிறிய ஓக் பீப்பாய்களில் வைப்பது பழைய வழக்கம். புதுப் பீப்பாய் மரவாசனையை ஏற்றும். பழகிய பீப்பாயோ புளிப்பின் கூர்மையை மட்டும் தணிக்கும். குடித்தால் எலுமிச்சை, பச்சை ஆப்பிள் ருசி, கடைசியில் லேசாக வெண்ணெய். பச்சையாகச் சாப்பிடும் கடல் சிப்பிக்கு இது பொருத்தமான ஜோடி. எலுமிச்சை பிழியும் வேலையை ஒயினே செய்துவிடும்!

ஆனால் ருசி தந்த குளிரே எமனாகவும் வந்தது. 19-ஆம் நூற்றாண்டில் ரயிலேறி பாரிசுக்கு வந்த தெற்கத்திய மலிவு ஒயின் விற்பனையைக் கெடுத்தது. பிறகு ஃபிலாக்சரா பூச்சி கொடிகளை அழித்தது. மிச்சத்தை 1945, 1957 வசந்தகால உறைபனிகள் கருக்கின. 1950-களில் தேறியது சுமார் 500 ஹெக்டேர்தான்.

விவசாயிகள் விடவில்லை. இரவில் தோட்டத்தில் அடுப்பு மூட்டினார்கள், துளிர்கள் மேல் தண்ணீர் தெளித்தார்கள். தண்ணீர் உறையும்போது வெளிவிடும் வெப்பம் உள்ளே இருக்கும் துளிரைக் காப்பாற்றும். பனியை வைத்தே பனியை வென்ற தந்திரம் இது!

இன்று 5,000 ஹெக்டேருக்கு மேல் பயிராகிறது. ஆனாலும் 2016-இலும் 2021-இலும் உறைபனி மீண்டும் தாக்கியது. ஷாப்லியில் ஏப்ரல் இரவுகளில் இன்றும் தூக்கம் குறைவுதான்.