உட்பதித்த வில்லையும் விழிவெண்படலமும்

கண்ணுக்குப் பலகணி போன்றது விழிவெண்படலம். அதன் உட்புறத்தே ஒரே வரிசையாய் அமைந்த அகவணிக் கலங்கள், படலத்துட் புகும் நீரை இடையறாது வெளியேற்றி அதனைத் தெளிவாக வைத்திருக்கின்றன. வளர்ந்தோரிடம் ஒரு சதுர மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ 2500 கலங்கள் உள. அழிந்த கலத்திற்கு ஈடாகப் புதுக்கலம் தோன்றுவதில்லை. எஞ்சியவையே விரிந்து இடத்தை நிரப்பும். அவற்றின் தொகை மிகக் குறையுமாயின் படலம் நீர்கோத்து மங்கும். குறும்பார்வையைத் திருத்தக் கண்ணுள் வில்லை பதித்த வரலாறு, இவ்வுண்மையைப் பெருவிலை கொடுத்துக் கற்ற வரலாறேயாம்.

1949 ஆம் ஆண்டு நவம்பர் 29 இல், இலண்டன் சென் தோமஸ் மருத்துவமனையிலே ஹரோல்ட் ரிட்லி கண்புரை நோயாளர் ஒருவருக்குச் செயற்கை வில்லை பொருத்தினார். போரில் விமானிகளின் கண்ணுட் புகுந்த அக்கிரிலிக் துண்டுகள் அழற்சி விளைவியாமையே அவருக்குத் துணிவளித்தது. 1953 இல் இத்தாலிய வைத்தியர் பெனடெற்றோ ஸ்திராம்பெல்லி, இயற்கை வில்லையை அகற்றாமலே, குறும்பார்வையுடையார் கண்ணின் முன்னறையில் வில்லை பதித்தார். பார்சலோனா நகரத்துப் பராக்கரும் அவர்வழிச் சென்றார். தொடக்கத்திற் பார்வை தெளிந்தது. ஆயின் ஆண்டுகள் செல்லச் செல்ல, விழிவெண்படலத்தை அணுகிக் கிடந்த வில்லைகளால் அகவணிக் கலங்கள் அழிந்தன. பராக்கருக்குத் தாம் பதித்தவற்றுட் பாதிக்கு மேற்பட்டவற்றை மீண்டும் எடுக்க நேர்ந்தது.

அக்காலத்தே அக்கலங்களை எண்ணும் வசதி இல்லை. 1968 இல் டேவிட் மோரிஸ் அமைத்த நுணுக்குக்காட்டி அகவணியைத் தெளிவுறக் காட்டிற்று. பின்னர் உயிருள்ள மனிதர் கண்ணிலேயே கலங்களை எண்ணுதல் இயல்வதாயிற்று. 1986 இல் மொஸ்கோவிலே பியோதரோவ் வில்லையைக் கதிராளிக்குப் பின்னே வைத்து, அதற்கும் படலத்துக்கும் இடைவெளி தந்தார். இவ்வழி வந்த வில்லைக்கு ஐக்கிய அமெரிக்கா 2005 இல் அனுமதி வழங்கியது. முன்னறையின் ஆழத்தையும் கலத்தொகையையும் சத்திரசிகிச்சைக்கு முன்னரே அளத்தலும், பின்னரும் தொடர்ந்து சோதித்தலும் நெறியாயின.

அகவணி கெட்டு மங்கிய படலத்துக்குப் பெரும்பாலும் பிறர் ஈந்த படலமே கதி. அக்கொடையில் இலங்கைக்குத் தனிப்பெருமை உண்டு. 1961 இல் ஹட்சன் சில்வா நிறுவிய கண்தான சங்கம், 1964 இல் சிங்கப்பூருக்குப் படலங்களை அனுப்பிற்று. பின் பல நாடுகளுக்கும் அனுப்பலாயிற்று. எனினும் இறந்தார் ஈந்த கொடையைக் கொண்டு, தவிர்க்கத்தக்க பிழையை ஈடுசெய்தல் அறமாகாது. துணுக்காயிற் பயிலும் மாணவனாயினும் கொழும்பிற் பயில்வோனாயினும், மூக்குக்கண்ணாடியைக் கழற்ற விழைவோன், பார்வை தெளியுமா என்று கேட்பதோடு அமையாது, கலங்கள் எத்தனை, முன்னறை எவ்வளவு ஆழம் எனவும் வைத்தியரை வினவல் வேண்டும். பதித்த வில்லையை எடுத்துவிடலாம். அழிந்த அகவணிக் கலம் மீண்டு வாராது.