விபிஎன் வழியே கேட் கோப்புகள்: தாமதத்தின் வரலாறு

பெரிய வரைபடக் கோப்பு ஒன்றை விபிஎன் வழியே திறக்க நேரமானால், இணைய வேகம் போதவில்லை என்றே பெரும்பாலோர் முடிவு கட்டுகிறார்கள். கடந்த நாற்பதாண்டு வளர்ச்சியைப் பார்த்தால் அது பாதி உண்மைதான். அலைவரிசையைவிட, ஒவ்வொரு கோரிக்கையும் சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரமே பெரிய தடையாக இருந்திருக்கிறது.

1982 இறுதியில் வந்த ஆட்டோகேட், தனிக்கணினிக்கான கணினிவழி வரைவு (கேட்) மென்பொருள். கோப்புப் பகிர்வுக்கான எஸ்எம்பி நெறிமுறையும் 1980களின் தொடக்கத்தில் ஐபிஎம்மில் பேரி ஃபைகன்பாம் உருவாக்கியதே. ஒரு கட்டடத்துக்குள் நடக்கும் வேலைக்காகவே அது அமைந்தது. 1990இல் ஆட்டோகேட் 11ஆம் பதிப்பு எக்ஸ்ரெஃப் வசதியைத் தந்தது. தளவரைபடத்தைத் திறந்தால் அதோடு இணைத்த தூண், மின்கம்பி, குழாய் வரைபடங்களும் கூடவே திறக்கும். அலுவலகத்துக்குள் இது பெரிய வசதி. தொலைவிலிருந்து திறப்பவருக்கோ சுமை பன்மடங்காயிற்று.

1990களின் பிற்பகுதியில் பிபிடிபி, ஐபிசெக் நெறிமுறைகள் வழியாக விபிஎன் பரவியபோது, அலுவலக டிரைவ் அப்படியே வீட்டுக் கணினியிலும் தெரிந்தது. தூரம் கண்ணுக்கு மறைந்ததே தவிரக் குறையவில்லை. 100 மெகாபைட் கோப்பை ஒரு மென்பொருள் 4 கிலோபைட் வீதம் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்குவதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 25,600 கோரிக்கைகள். அலுவலகத்தில் ஒரு சுற்றுக்கு 1 மில்லிவினாடி என்றால் அரை நிமிடத்துக்குள் முடியும். விபிஎன்னில் அதுவே 100 மில்லிவினாடி என்றால் ஏறத்தாழ 43 நிமிடம். இணைப்பின் வேகத்தை இரட்டிப்பாக்கினாலும் இந்தக் கணக்கு மாறாது. விண்டோஸ் விஸ்டாவோடு வந்த எஸ்எம்பி 2, நூற்றுக்கு மேலிருந்த கட்டளைகளை 19ஆகக் குறைத்து, பதிலுக்குக் காத்திராமல் அடுத்தடுத்துக் கேட்கவும் வழிசெய்தது. காலம் தாழ்ந்து வந்த சரியான மருந்து அது.

ஒருவர் திறந்த கோப்பை மற்றவர் மாற்றாதபடி பூட்டுவதில் வரும் சிக்கல் தனி. வரைபடம் திறந்திருக்கும்போது அதன் பக்கத்திலேயே டிடபிள்யூஎல் என்ற சிறு கோப்பு உருவாகும். திறந்தவர் பெயர், கணினி, நேரம் அதில் இருக்கும். விபிஎன் நடுவில் அறுந்தால் அது அங்கேயே தங்கிவிடுவதுண்டு. ஊழியர் வீட்டுக்குப் போன பின்னும் அவர் பெயரில் கோப்பு திறந்திருப்பதாகக் காட்டும்.

2000களில் ரிவர்பெட் போன்ற நிறுவனங்களின் வலையமைப்பு முடுக்கிக் கருவிகள் வந்தன. இரு முனையிலும் முன்பு கடந்த பைட்டுகளை நினைவில் வைத்து, புதியதை மட்டும் அனுப்புவது அவற்றின் உத்தி. வரைபடங்களுக்கு மிகப் பொருத்தமான உத்திதான். ஆனால் ஆட்டோகேட் 2007 கோப்பு வடிவம் அதைக் குலைத்தது. பிழைதிருத்தக் குறியீட்டோடு உள்ளடக்கத்தைப் புதிய முறையில் அடுக்கியதால், ஒரே ஒரு கோட்டை நகர்த்திச் சேமித்தாலும் கோப்பெங்கும் பைட்டுகள் மாறின. கருவிக்கு அது முழுப் புதுக் கோப்பாகத் தெரிந்தது. 2008, 2009 பதிப்புகளும் அதே வடிவத்தில்தான் சேமித்தன. 2010 வடிவம் அந்த அமைப்பைக் கைவிட்டது. வலையமைப்பைக் கணக்கில் கொள்ளாமல் கோப்பு வடிவத்தை வகுத்தது ஒரு பிழை என்பதே என் துணிபு.

அதன்பின் போக்கு மாறியது. கோப்பை அலுவலகத்திலேயே விட்டுத் திரையை மட்டும் அனுப்பும் வழி, 1998இன் விண்டோஸ் டெர்மினல் சர்வரிலேயே இருந்தது. முப்பரிமாண வேலைக்கு அது போதவில்லை. பிசிஓஐபி போன்ற நெறிமுறைகளும், 2012இல் என்விடியா அறிவித்த பகிர்வு வரைகலை அட்டைகளும்தான் அந்தக் குறையைப் போக்கின. 2015இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த ஆன்ஷேப் என்ற கேட் மென்பொருள், கோப்பு என்பதையே விலக்கி, மாதிரியை மேகத்தரவுத்தளத்தில் வைத்தது. 2020 பெருந்தொற்றில் வரைவாளர்கள் திடீரென வீட்டிலிருந்து வேலை செய்ய நேர்ந்தபோது இந்த வழிகளெல்லாம் ஏற்கெனவே இருந்தன. ஆனால் பல அலுவலகங்களின் கையில் இருந்தது விபிஎன்னும் பகிர்வு டிரைவும் மட்டுமே.

வேகமான இணைப்புக்குப் பணம் கட்டும் முன், வீட்டிலிருந்து சர்வருக்கு ஒரு பிங் கொடுத்து எத்தனை மில்லிவினாடி என்று பாருங்கள். எண் பெரிதாக இருந்தால் அந்தப் பணத்தை அலுவலகக் கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் ஏற்பாட்டுக்குச் செலவிடுங்கள்.