பிரிவுப் பதற்றம் (நாய்)

பிரிவுப் பதற்றம் என்பது வீட்டில் தனித்து விடப்படும் நாய்களிடம் காணப்படும் ஒரு நடத்தைச் சிக்கல் ஆகும். இடைவிடாது குரைத்தல், ஊளையிடுதல், கதவு சன்னல்களைப் பிறாண்டுதல், எச்சில் வடித்தல், வீட்டினுள் சிறுநீர் கழித்தல் முதலியன இதன் அறிகுறிகள். இவை பெரும்பாலும் உரிமையாளர் வெளியேறிய 30 நிமிடங்களுக்குள் தொடங்குகின்றன.

இச்செயல்களுக்குக் காரணம் அச்சமே. பழிவாங்கும் எண்ணம் அன்று. உரிமையாளர் திரும்பியதும் நாய் தலைதாழ்த்தி நிற்பது குற்றவுணர்வு எனப் பலரால் கருதப்படுகிறது. ஆனால் அத்தோற்றம் நாய் செய்த தவறைப் பொறுத்ததன்று, உரிமையாளரின் கடிந்துரைக்கு எழும் எதிர்வினையே என அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009 இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. தண்டித்தல் பதற்றத்தை மிகுவிக்கும்.

தனித்திருக்கும் நேரத்தைச் சில நொடிகளில் தொடங்கிப் படிப்படியாக நீட்டிப் பழக்குவது முதன்மையான சிகிச்சை முறையாகும். இப்பயிற்சியுடன் சேர்த்து வழங்கப்படும் குளோமிப்ரமின் எனும் மருந்துக்கு அமெரிக்காவில் 1998 இல் ஒப்புதல் அளிக்கப்பட்டது.