டேக்டு போர்ட்

ஒன்றுக்கு மேற்பட்ட மெய்நிகர் லேன்களின் (வீலேன்களின்) தகவல்களை, எது எந்த லேனைச் சார்ந்தது என்று அறிவிக்கும் முத்திரையோடு, ஒரே கேபிளின் மார்க்கமாக ஒரு சுவிட்சிலிருந்து மற்றொரு சுவிட்சுக்கு அனுப்பும் போர்ட்டுக்கு டேக்டு போர்ட் என்று பெயர். சிஸ்கோ நிறுவனத்தின் வழக்கில் இதுவே டிரங்க் போர்ட் எனப்படும்.

1973இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி நிலையத்தில் தோன்றிய ஈதர்நெட், பிரிட்ஜ் என்னும் சாதனங்களால் விஸ்தாரமடைந்தபோது, அவற்றிடையே சுழல் பாதைகள் உண்டாகாமல் காக்கும் உபாயத்தை 1985இல் ராடியா பெர்ல்மன் வகுத்தளித்தார். எனினும், அவருடைய முறையில் மாற்றுப் பாதைகள் யாவும் சும்மா கிடக்க நேர்ந்தது. ஈதர்நெட்டில் குரலை அனுப்பும் பரிசோதனைகளில் ஈடுபட்டிருந்த பெல்கோர் நிறுவனத்தின் டேவிட் சின்கோஸ்கி, இந்த விரயத்தைத் தவிர்க்கக் கருதி, சேஸ் காட்டனுடன் சேர்ந்து 1988இல் வெளியிட்ட கட்டுரையில், ஒரே வலையமைப்பின் மேல் மரம் எனப்படும் சுழலற்ற பாதைத் தொகுதிகள் பலவற்றை அமைத்து, ஒவ்வொரு பாக்கெட்டும் தன் மரத்தின் அடையாளத்தைத் தாங்கிச் செல்லலாம் என்று காட்டினார். பிற்கால முத்திரைக்கு வித்து இதுவே எனலாம்.

1990இல், நம் நாட்டுப் பெயர் தாங்கிய கல்பனா என்னும் அமெரிக்க நிறுவனம் ஏழு போர்ட்டுகள் கொண்ட ஈதர்நெட் சுவிட்சை விற்பனைக்குக் கொணர்ந்தது. சுவிட்சுகளை வீலேன்களாகப் பிரிக்கும் வழக்கம் பரவியதும், பத்து வீலேன்களை அடுத்த சுவிட்சுக்குக் கொண்டுசெல்லப் பத்து கேபிள்களும் இருபது போர்ட்டுகளும் தேவைப்பட்டன. சிஸ்கோவின் ஐஎஸ்எல் முறை, ஃபிரேம் எனப்படும் தகவல் பொதி முழுவதையும் முன்னால் 26 பைட்டும் பின்னால் 4 பைட்டுமாக மூடி அனுப்பி இச்சங்கடத்தைத் தீர்த்தது. ஆனால் அம்முறை அறியாத பிறர் சுவிட்சுகளுடன் அது உறவாட இயலவில்லை.

1998இல் ஐஇஇஇ வெளியிட்ட 802.1கியூ என்னும் தரநிலை, அனுப்புநர் முகவரிக்கு அடுத்தபடியாக நான்கே பைட்டுகளைச் செருகியது. முதல் இரண்டில் பதினறும எண்ணான 8100. எஞ்சியவற்றில் முன்னுரிமைக்கு 3 பிட், வேறொரு குறிப்புக்கு 1 பிட், வீலேன் எண்ணுக்கு 12 பிட். 0, 4095 ஆகிய எண்கள் விலக்கப்பட்டமையால் 4094 வீலேன்கள் சாத்தியமாயின. ஃபிரேமின் உச்ச அளவும் 1518 பைட்டிலிருந்து 1522 ஆக உயர வேண்டியதாயிற்று. கணினிகள் இணையும் சாதாரண போர்ட்டில் முத்திரை நீக்கப்பட்டே ஃபிரேம் வெளியேறுவதால், கணினிகளை மாற்றவேண்டிய அவசியமே எழவில்லை. இம்முறையின் வெற்றிக்குப் பிரதான காரணம் இதுவே.

டேக்டு போர்ட்டிலும் ஒரு வீலேன் மட்டும் முத்திரையின்றிச் செல்லலாம் என்ற சலுகைதான் அநேக தொல்லைகளுக்கு மூலம். நேட்டிவ் வீலேன் எனப்படும் அதன் எண் இருமுனைகளிலும் வேறுபட்டால், ஒரு வீலேனின் தகவல் மற்றொன்றில் கசியும். அன்றியும், இரட்டை முத்திரையிட்ட ஃபிரேமை ஒருவன் அந்த வீலேனிலிருந்து அனுப்பினால், முதல் சுவிட்ச் வெளிமுத்திரையைக் களைய, உள்முத்திரையை நம்பும் அடுத்த சுவிட்ச் அதை அயல் வீலேனில் சேர்ப்பித்துவிடும். ஆகவே, எவரும் உபயோகிக்காத எண்ணொன்றை நேட்டிவ் வீலேனாக நியமிப்பது வல்லுநர் வழக்கம்.

இரட்டை முத்திரையையே நற்காரியத்துக்குப் பயன்படுத்தி, வாடிக்கையாளரின் முத்திரைக்கு மேல் சேவை நிறுவனம் தன் முத்திரையை இட வகைசெய்த 802.1ஏடி, 2005இல் ஒப்புதல் பெற்றது. பெருந்தரவு மையங்களுக்கு 4094 போதாமையால், 24 பிட் எண் கொண்ட விஎக்ஸ்லேன் 2014இல் ஆவணமாயிற்று. எனினும் அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் சுவிட்சுகளை இணைப்பது இன்றளவும் 1998ஆம் ஆண்டின் நான்கு பைட் முத்திரைதான்.