பம்பாய் காத்த இரும்புக் கப்பல்

அமெரிக்க உள்நாட்டுப் போர் என்றதும் அடிமை முறை ஒழிப்பே பலருக்கும் நினைவில் எழும். நொய்யற் கரையில் தறியோசையினூடே வாழும் சாமளாபுரத்தார்க்கோ அப்போரோடு வேறோர் உறவும் உண்டு. அது பருத்தி உறவு. 1861இல் வடவரின் கடற்படை தென்மாநிலத் துறைமுகங்களை முற்றுகையிட்டது. லங்காஷயர் ஆலைகளுக்கு அமெரிக்கப் பஞ்சு வரத்து அற்றது. இந்தியப் பஞ்சு விலையேறியது. கோவைச் சீமையின் கரிசற் காடுகளிலும் அவ்வேற்றம் உணரப்பட்டது. பம்பாயில் செல்வம் குவிந்தது. 1865இல் போர் முடிந்ததும் விலை சரிந்து அந்நகர வணிகர் பலர் நொடித்தது தனிக்கதை.

அம்முற்றுகையை உடைக்கவே தென்னவர் 'வர்ஜீனியா' என்னும் கவசக் கப்பலை உருவாக்கினர். 1862 மார்ச் 8ஆம் நாள் அது வடவரின் மரக்கப்பல்கள் இரண்டை அழித்தது. மறுநாள் வடவரின் 'மானிட்டர்' அதனை எதிர்த்து நின்றது. நீர்மட்டத்தை ஒட்டிய தட்டு. அதன்மேல் சுழலும் கோபுரம் ஒன்று. அதனுள் இரு பீரங்கிகள். மணிக்கணக்கில் குண்டுமழை பொழிந்தும் இரண்டில் எதுவும் மூழ்கவில்லை. மரக்கப்பலின் காலம் முடிந்ததை உலகம் கண்டுகொண்டது.

பம்பாய்க்கு அச்சம் பிறந்ததில் வியப்பில்லை. கம்பெனிக் காலத்திலிருந்து வந்த இந்தியக் கடற்படையை 1863இல்தான் கலைத்திருந்தனர். பஞ்சு ஏற்றுமதியாகும் அத்துறைமுகத்தைக் காக்க 'அபிசீனியா', 'மக்தலா' என்னும் இரு கவசக் கப்பல்கள் இலண்டனில் கட்டப்பட்டு, 1870இல் நீரில் இறக்கப்பட்டன.

பெயர்களே ஒரு வரலாறு. 1868இல் பம்பாய்ப் படைத்தலைவர் இராபர்ட் நேப்பியர் அபிசீனியா மீது படையெடுத்தார். ஏப்ரல் 13ஆம் நாள் மக்தலா கோட்டை வீழ்ந்தது. அரசர் தெவோத்ரோஸ் தம்மைத்தாமே சுட்டுக்கொண்டு மாண்டார். 'தம்பிகள்' எனப்படும் சென்னைச் சாப்பர் படையினரும் அப்போரில் இருந்தனர். தமிழர் வியர்வை கலந்த வெற்றியின் பெயரைத் தாங்கிய கப்பல் என்று மக்தலாவைச் சொல்வது மிகையாகாது. அவ்வெற்றி யாருக்கு உரியது என்பது வேறு கேள்வி.

எட்வர்ட் ரீடின் வடிவமைப்பில் தாழ்ந்த தட்டின் நடுவே கவசச் சுவர் ஒன்று எழுந்தது. அலை புகாதபடி அதற்குள் இரு சுழற்கோபுரங்கள். கோபுரத்திற்கு இரண்டாக, ஒவ்வொன்றும் 18 டன் எடையுள்ள நான்கு பீரங்கிகள். கோபுரக் கவசம் 10 அங்குலம் வரை தடித்த இரும்பு. ஆழ்கடலுக்கு ஏற்ற கலமன்று. மக்தலா பம்பாய் வந்து சேரத் தற்காலிகப் பாய்மரங்கள் நட வேண்டியிருந்தது. வந்தபின் பீரங்கிப் பயிற்சிக்காகச் சிறிது தொலைவு சென்று மீள்வதே அதன் பெரும்பயணம். எதிரியென எவரும் வரவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டும் பழைய இரும்பாக விலைபோயின.

திறந்த கடற்கரையாய்க் கிடந்த சென்னைக்கு இத்தகைய காவற்கப்பல் எதுவும் வாய்க்கவில்லை. எதிரி வந்ததோ இங்குதான். 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு ஜெர்மானிய 'எம்டன்' குண்டு வீசியதில் எண்ணெய்த் தொட்டிகள் பற்றியெரிந்தன. அக்கப்பலின் பெயர் தமிழ்ப் பேச்சிலும் ஏறிவிட்டது.

மக்தலாவின் அமைப்பை ஒத்த 'செர்பரஸ்' மெல்பர்ன் துறைமுகத்தைக் காத்தது. 1926இல் அருகிலுள்ள கரையொன்றில் அலைதடுப்பாக அதனை அமிழ்த்தினர். துருவேறிய கோபுரங்கள் நீருக்குமேல் தெரிகின்றன. 1993இல் அதன் உடல் சரிந்தது. பாரத்தைக் குறைக்கும் பொருட்டுப் பின்னாளில் கழற்றப்பட்ட பீரங்கிகள் நான்கும் அதன் அருகிலேயே கடலடியில் கிடக்கின்றன.